கார்ப்புரேட்டரில் தங்கிய கோடை

"கார்ப்புரேட்டரை மாத்திப்போட்டால் பிறகு நான் என்ர மிளகாயை எங்க காயப்போடுறது?"

மீன்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிவமணி அக்கா, மீன் வெட்டுகிறவரிடம் இப்படிக் கேட்டார். அவர் விளைமீனின் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தாமலே, "அதுவும் நியாயம்தான் அக்கா, இன்னும் ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கோ" என்றார். அது மார்ச் மாதத்தின் முதற்கிழமை. வெளியே பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது, கடைக் கண்ணாடியின் விளிம்பெல்லாம் உறைந்து வெள்ளையாக இருந்தது. ஆனாலும் வரிசையில் நின்ற ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சபாநடேசனின் டிரைவ்வேயில் போன வருசத்துக் கோடை கிடக்கிறது என்பது அதற்குள் ஸ்காபரோவின் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டிருந்தது.

சபாநடேசனும் குலவீரசிங்கமும் ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வயது. பிறகு எங்கள் தெருவில் ஒட்டினாற்போல இரண்டு வீடு வாங்கினார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில், கார் விடுவதற்குத் தெருவிலிருந்து கராஜ் வரைக்கும் ஓடுகிற டிரைவ்வே ஆளுக்குப் பாதி. பாதிப் பாதி டிரைவ்வேக்குப் பனியை அள்ளி எறிகிற ஸ்னோ புளோவர் மெஷின் ஆளுக்கொன்று எதற்கு என்று ஒன்றையே பங்குக்கு வாங்கி, பதினொரு மாரிகாலம் அதைத் தள்ளினார்கள். ஒருவர் மெஷினைத் தள்ள, மற்றவர் முன்னால் நடந்து பனிக்குள் புதைந்துபோன பத்திரிகையையும் கையுறையையும் கல்லையும் பொறுக்கிக்கொண்டு போவார், பாதி வழியில் இடம் மாறிக்கொள்வார்கள், மாறும்போது ஒருவர் சொன்ன பகிடிக்கு மற்றவர் சிரிக்கிற சத்தம் மெஷினின் இரைச்சலுக்கு மேலாலும் எங்கள் வீட்டுக்குள் கேட்கும்.

பனிக்காலம் முடிந்ததும் டாங்கில் மிஞ்சிய பெட்ரோலை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அது கார்ப்புரேட்டருக்குள் இறுகி அடைத்துவிடும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறது. எங்கள் தெருவில் அந்தப் பக்கத்தை வாசிக்காதவர்களும் இல்லை, அதன்படி செய்தவர்களும் இல்லை. யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வராமல் இருந்த வருசங்களில், மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில், அவற்றைத் தொடக்கி வைப்பதற்கு மட்டும் கண்மருந்துப் போத்தலில் கொண்டு திரிந்த பெட்ரோலில் நாலைந்து சொட்டைக் கார்ப்புரேட்டருக்குள் விட்டு உதைத்தவர்கள் இவர்கள். ஒரு சொட்டு அதிகமாக விழுந்ததற்காக அண்ணனிடம் அடி வாங்கியவர்கள். அவர்களிடம் போய் அரை டாங்க் பெட்ரோலை வடித்து ஊற்று என்று எந்தப் புத்தகமும் சொல்லிவிட முடியாது. அதனால் ஒவ்வொரு டிசம்பரும் தெரு முழுக்க மெஷின்கள் இருமிக்கொண்டு நிற்கும், மூலை வீட்டு யோகதாசன் தன் கராஜைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழுவுவார்.

போன ஆகஸ்ட் இருபதாம் திகதி குலவீரசிங்கம் அந்த வழக்கத்தை மாற்றப் பார்த்தார். மெஷினை டிரைவ்வேக்கு இழுத்து வந்து, கார்ப்புரேட்டருக்கு அடியிலிருக்கும் சின்னக் கிண்ணத்தின் ஆணியில் நட்டுக் கழற்றுகிற சாவியை வைத்து, "இந்தமுறை வடிப்பமடா, வருசா வருசம் யோகனுக்கு ஏன் வேலை வைப்பான்" என்றார். சபாநடேசன் ஓடிவந்து கையைப் பிடித்தார். பெட்ரோலை ஊத்துறதோ என்றார். இது யாழ்ப்பாணமில்லை என்றார் குலவீரசிங்கம். அதுவரைக்கும் அது சண்டையே இல்லை, நான் எங்கள் வீட்டுப் படியில் புத்தகத்தோடு இருந்து சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். பிறகு குலவீரசிங்கம், "எப்பவும் நீ பிடிச்சதுதான் பிடி" என்றார், சாதாரணமாகத்தான் சொன்னார், அதற்குச் சபாநடேசனின் முகம் ஏன் அப்படி மாறியது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

"வரதனை ரோட்டில விட்டிட்டு ஓடினவன் நீ. நீ எனக்குப் புத்தி சொல்ல வாறியோ?"

வரதன் சிவமணி அக்காவின் ஒரே தம்பி. சண்டையில் ஊரே இடம்பெயர்ந்த நாளில் சபாநடேசனோடும் குலவீரசிங்கத்தோடும் மூன்றாவதாக அதே மோட்டார் சைக்கிளில் போனவன், ஷெல் பட்டு வழியில் செத்தவன், பத்தொன்பது வயது. அவனைப் புதைத்த இடம்கூட அக்காவுக்குத் தெரியாது. அக்கா அப்போது தெருவின் மறுகரையில், தன் வீட்டு வாசலில், ரோசாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். குழாயிலிருந்து தண்ணீர் ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தது. குலவீரசிங்கம் சாவியைக் கையில் பிடித்தபடியே நின்றார். சபாநடேசன் உள்ளே போய்க் கதவை அடித்துச் சாத்தினார், அக்கா உள்ளே போனார், நாங்களும் எல்லோரும் உள்ளே போனோம்.

அடுத்த நாள் சிவமணி அக்கா, குலவீரசிங்கத்தின் மனைவி மனோன்மணி கறி கொடுத்துவிட்ட பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார், உள்ளே ஒரு கைப்பிடி சீனிகூட இல்லாமல், வெறுமனே. அது போதுமாயிருந்தது. அதன் பிறகு அந்த வீட்டுக் கதவை ஒருவரும் தட்டவில்லை, அவருடைய காருக்கு ஒருவரும் கை காட்டவில்லை. செப்டெம்பரில் ஒருநாள் பஸ் நிற்கிற இடத்தில் குலம் அங்கிள் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியபோது நான் போனை எடுத்துப் பார்த்தேன். போனில் ஒன்றும் இருக்கவில்லை. ஒக்டோபரில் வீட்டை விற்றுவிட்டுத் தூரத்து ஊரான கிச்னருக்குப் போய்விட்டார்கள். மெஷின், வடிக்காத பெட்ரோலோடு, சபாநடேசனின் கராஜில் இருந்தது.

டிசம்பர் பன்னிரண்டாம் திகதி முதற்பனி கொட்டியது. சபாநடேசன் கயிற்றை முப்பது தரம் இழுத்தார், காற்றை மறிக்கிற சோக்கைப் பாதியில் வைத்து இன்னும் பத்துத் தரம் இழுத்தார், மெஷின் இருமியது, நின்றது, இருமியது, பிறகு ஏறி இறங்கும் ஒரு சத்தத்தோடு ஓடத் தொடங்கியது. அவர் தள்ளிக்கொண்டு போன தடத்தில் காய்ந்த கறுப்புத் தார் தெரிந்தது. தாரில் இளஞ்சூடு இருந்தது, வெடிப்பில் ஒரு மஞ்சள் பூ நின்றது, எறும்பு வரிசையொன்று போய்க்கொண்டிருந்தது, மேலே அந்தத் தடத்தின் அகலத்துக்கு மட்டும் வெயில் எறித்தது. அவர் திரும்பிப் பார்த்தார். தெருவிளிம்பு வரைக்கும் போய்த் திரும்பி மற்றப் பாதியையும் தள்ளினார். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி மெஷினின் கைபிடியில் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

யோகதாசன் வந்து குனிந்து பார்த்தார். "பெட்ரோல் பாகு மாதிரி இறுகிப்போச்சு அண்ணை. கிண்ணத்துக்க, ஜெற் ஓட்டைக்க, எல்லா இடமும். கோடை முழுக்க அதுக்க கிடந்ததுதானே, கோடையும் சேர்ந்து இறுகியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு வருகுது." வேறு எந்த மெஷினின் கோளாறைச் சொல்வாரோ அதே குரலில்தான் சொன்னார். ஒருவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய வேறு விசயங்கள் இருந்தன. எந்த நாள் இது என்று முதலில் பார்க்க வேண்டியிருந்தது. பலசரக்குக் கடை கொடுத்த போன வருசத்து நாட்காட்டியை யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள், அதைக் கொண்டுவந்து கராஜ் கதவில் மாட்டினார்கள், போன வருசம் எந்த நாள் எப்படி எறித்தது என்று நினைவுபடுத்தி, மே மாதம் இருபத்துநாலு என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு காலையும் சபாநடேசன் ஒருதரம் மெஷினைத் தள்ள, ஒவ்வொரு நாளாகக் கோடை நகர்ந்தது. போன வருசம் மழை பெய்த நாட்களில் டிரைவ்வேயில் மட்டும் மழை பெய்தது, அதன் கரையில் பனிக்குள் நின்றுகொண்டு கையை நீட்டி நனைத்துப் பார்த்தார்கள். வெயில் எறித்த நாட்களில் ஓலைப்பாய்கள் விரிந்தன. வேப்பம்பூ வடகம் காய்ந்தது, மோர் மிளகாய் காய்ந்தது, குழந்தைகளின் மெத்தைகள் காய்ந்தன. முழங்கால் வருத்தக்காரர்கள் பத்து மணிக்கு வந்து கால் நீட்டிக்கொண்டு இருந்தார்கள். குலவீரசிங்கத்தின் வீட்டை வாங்கிய பிலிப்பைன்ஸ்காரப் பெண் ரீட்டா, பாதி டிரைவ்வே தன்னுடையது என்பதால் பாதிக் கோடையும் தன்னுடையது என்று சொல்லாமல், ஆறு பிளாஸ்டிக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டாள். நகரசபையிலிருந்து வந்த அதிகாரி, சொந்த நிலத்தில் கோடை வைத்திருக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று தன் கணினியில் தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டு, நடைபாதையை மறித்து நின்ற ஒரு காருக்கு மட்டும் எச்சரிக்கை எழுதி, பூட்ஸையும் காலுறையையும் கழற்றிவிட்டுப் பத்து நிமிசம் கதிரையில் இருந்துவிட்டுப் போனாள்.

போன வருசத்து ஆட்களைக் காண முடியாது. சத்தம் மட்டும் கேட்கும், போன வருசம் அந்த டிரைவ்வேயில் நின்று யார் என்ன சொன்னார்களோ அது. ஜூன் மாதத்து நான், "குட் மோர்னிங் குலம் அங்கிள்" என்று சொல்லிக்கொண்டு போனேன், "வடிவாப் படி பிள்ளை" என்று அவர் குரல் சொன்னது. அந்த இடத்தில் நான் பிறகு அதிக நேரம் நிற்கவில்லை.

குலவீரசிங்கம் காலையில் சீழ்க்கை அடிக்கிற பழக்கமுள்ளவர். ஒவ்வொரு நாளும் எட்டு மணிக்கு அந்தச் சீழ்க்கை கேட்கும். சபாநடேசன் மெஷினை நிறுத்திவிட்டுக் கராஜ் கதவில் சாய்ந்து நின்று, அது முடியும் வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். போகுமுன் அவருடைய குரலும் கேட்கும், போன வருசத்து அவர், போன வருசத்துக் கூட்டாளியோடு ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம். தன் சிரிப்பை வேறு யாரோ சிரிப்பதுபோல அவர் கேட்டுக்கொண்டு நிற்பார்.

"பாவம், கூட்டாளியை நினைச்சு உருகுது மனுசன்" என்றார்கள் கதிரைகளில் இருந்தவர்கள்.

"உருகிறவர் ஒரு போன் அடிக்கலாமே?"

"ஓடினவனுக்கு இவர் ஏன் அடிப்பான்?"

சிவமணி அக்கா இந்தப் பேச்சில் சேர்வதில்லை. மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருப்பார். டிரைவ்வேயில் இடம் தருகிற நன்றிக்காக ஒவ்வொரு பின்நேரமும் சபாநடேசனுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார், "தம்பி, உம்மாலதான் இந்த வருசத் தூளுக்கு வெயில் கிடைச்சுது" என்பார். சபாநடேசன் கோப்பையை வாங்குவார். குடித்து நான் பார்த்ததில்லை. அக்கா போனதும் கராஜுக்குப் பின்னால் பனியில் ஊற்றுவார், அந்த இடத்தில் பனி மண்ணிறமாகக் குழிந்துபோய்க் கிடந்தது.

டிரைவ்வேயில் ஜூலை போய் ஆகஸ்ட் வந்தது. சபாநடேசன் மெலிந்தார். நாட்காட்டியின் முன்னால் நின்று விரலால் நாட்களை எண்ணினார். மெஷினும் மோசமாகிவிட்டிருந்தது, கார்ப்புரேட்டர் ஒழுகத் தொடங்கி, பெட்ரோல் சூடான இரும்பில் சொட்டி மணத்தது. "இனி இதை ஓட்டக் கூடாது அண்ணை, நெருப்புப் பிடிக்கும். புதுசு வாங்கி வைச்சிருக்கிறன், ரெண்டு நட்டுத்தான், அரை மணித்தியால வேலை" என்று யோகதாசன் சொன்னபோது, ஜனவரி முழுக்க மாட்டேன் என்று நின்றவர், "எப்ப மாத்தலாம்? நாளைக்கு மாத்துவமோ?" என்று கேட்டார். தெரு அதைக் கேட்டுக் கொதித்தது. செப்டெம்பர் முடியும் மட்டும் இருக்கிற வெயிலை இந்த மனுசன் ஏன் கொட்டப் பார்க்கிறான் என்றார்கள். மீன்கடையில் நான் கேட்டது அந்தக் கிழமைதான்.

மார்ச் ஒன்பதாம் திகதி, டிரைவ்வேயில் ஆகஸ்ட் பத்தொன்பது. யோகதாசன் சாவிகளோடும் புதுக் கார்ப்புரேட்டர்ப் பெட்டியோடும் வந்து மெஷினுக்குப் பக்கத்தில் குந்தினார். பெட்ரோல் குழாயைக் கிடுக்கியால் நசுக்கிப் பிடித்தார், முதல் நட்டைக் கழற்றினார். சிவமணி அக்கா சுளகோடு வந்தார்.

"யோகன், கொஞ்சம் பொறும். தம்பி சபா, இஞ்ச பாரும். கடைசிப் பத்துக் கிலோவும் நேற்றுத்தான் போட்டனான், இன்னும் ஈரம். நாளைக்கு ஒரு நாள் வெயில் போதும். நாளையிண்டைக்கு மாத்துங்கோவன்."

"அக்கா, நெருப்புப் பிடிக்குமாம்" என்றார் சபாநடேசன்.

"மூண்டு மாதம் பிடிக்காத நெருப்பு ஒரு நாளிலயோ பிடிக்கப்போகுது?"

"வேற எங்கயும் காயப்போடலாமே அக்கா. ஹீற்றருக்குப் பக்கத்தில..."

"ஹீற்றரில காயுறது மிளகாயோ? வெயிலில காய்ஞ்சால்தான் மணம். நான் உம்மட்ட இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லைத் தம்பி."

அது உண்மைதான். சபாநடேசன் அக்காவின் கையிலிருந்த சுளகைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. வேறு யார் கேட்டிருந்தாலும் அவர் மாட்டேன் என்றிருப்பார், தெரு முழுவதும் திரண்டு வந்து கேட்டிருந்தாலும் மாட்டேன் என்றிருப்பார்.

"யோகன், நட்டைத் திருப்பிப் பூட்டு" என்றார்.

அடுத்த நாள் சனம் வழக்கத்தைவிடக் கூட வந்தது. நாட்காட்டியை எல்லோரும் பார்த்திருந்தார்கள், ஆகஸ்ட் இருபது என்ன நாள் என்று எல்லோருக்கும் தெரியும். கதிரைகள் போதாமல் சிலர் பனிக்கட்டி மேட்டில் துவாயை விரித்து இருந்தார்கள். மாம்பழம்கூட வெட்டி ஒரு தட்டில் வந்தது. வேலைக்குப் போகாமல் நின்ற சபாநடேசன், மெஷினைத் தள்ளி முடித்துவிட்டு, டிரைவ்வேயின் கரையில் பனிக்குள் காலை வைத்துக்கொண்டு நின்றார். யோகதாசன் சாவிகளோடு மெஷினடியில் காத்திருந்தார். சிவமணி அக்கா பாயடியில் குனிந்து மிளகாயைக் கிளறினார்.

பத்தரை மணிக்கு மெஷினை இழுத்து வருகிற சத்தம் கேட்டது. இந்தமுறை வடிப்பமடா என்று கேட்டது. பெட்ரோலை ஊத்துறதோ என்று கேட்டது. எப்பவும் நீ பிடிச்சதுதான் பிடி என்று கேட்டது. பிறகு அந்தச் சொற்கள், போன வருசம் விழுந்த அதே இடத்தில், அதே சத்தத்தில் விழுந்தன. கதவு அடித்துச் சாத்துப்பட்டது. தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்துப்படுகிற சத்தம் தூரத்தில் கேட்டது, அதில் ஒன்று எங்கள் வீட்டுக் கதவு.

போன வருசம் அதோடு எல்லோரும் உள்ளே போய்விட்டோம். அதற்குப் பிறகு அந்த டிரைவ்வேயில் என்ன கேட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது சனம் எழும்பிப் போகத் தொடங்கியபோதுதான் சாவி தாரில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு மனோன்மணியின் குரல், அழுகிற குரல், மிகக் கிட்ட.

"ஏன் நீங்கள் வாயைத் திறக்கேல்ல? இவ்வளவு சனத்துக்கு முன்னால சொல்லுறான், ஏன் நீங்கள் உள்ளதைச் சொல்லேல்ல?"

ஒரு பறவை கத்தியது, தூரத்தில் யாரோ புல் வெட்டினார்கள்.

"நான் சொன்னால் அவன் பிறகு எங்க போறது?" என்றது குலவீரசிங்கத்தின் குரல். "சிவமணியக்கா முன்வீட்டில. தினமும் அவவின்ர முகத்தில முழிக்கவேணும். அவனால ஏலாது மனோ. நாங்கள் போவம். நாங்கள் எங்கயும் இருப்பம்."

இழுபடுகிற மெஷினின் சில்லுகள் உருளுகிற சத்தம் கேட்டது. கராஜ் கதவு இறங்குகிற சத்தமும் கேட்டது. வெயில் அப்படியே எறித்துக்கொண்டிருந்தது.

எழும்பியவர்கள் எழும்பியபடியே நின்றார்கள். ரீட்டா, எங்கள் பேச்சு விளங்காவிட்டாலும், மாம்பழத் தட்டை நிலத்தில் வைத்தாள். சிவமணி அக்கா நிமிர்ந்துவிட்டிருந்தார், கையில் ஒரு பிடி மிளகாய் இருந்தது, அதைப் போடவும் இல்லை, வைத்திருக்கிறோம் என்று தெரிந்து வைத்திருந்ததாகவும் இல்லை. யோகதாசன் எங்கோ வேறு பக்கம் பார்த்தார். "மாத்தட்டோ அண்ணை?" என்று மெல்லக் கேட்டார். சபாநடேசன் "மாத்து" என்று சொல்லியிருந்தால், அந்த நிமிசமே யோகதாசன் இரண்டு நட்டையும் கழற்றியிருப்பார், வெயில் போயிருக்கும், சனம் குளிர் தாங்காமல் வீட்டுக்கு ஓடியிருக்கும், கேட்டது என்ன என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்லி ஒரு மாதத்தில் மறந்திருக்கும்.

சபாநடேசன் பனிக்குள்ளிருந்து காலை எடுத்து டிரைவ்வேயில் வைத்தார். பாய்களுக்கு நடுவால் நடந்து சிவமணி அக்காவின் முன்னால் போய் நின்றார். தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினது நான். குலம் ஓடேல்ல. வரதன்ர தலையை மடியில வைச்சுக்கொண்டு கடைசி மட்டும் இருந்தது அவன். புதைச்சதும் அவன்தான். இடம் அவனுக்குத் தெரியும்."

அவர் குரல் அவ்வளவாக எழும்பவில்லை. பின்னால், பனிமேட்டுப் பக்கம் நின்றவர்கள், "என்னவாம்? என்னவாம் சொல்லுறார்?" என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

சபாநடேசன் அவர்களுடைய பக்கம் திரும்பி, முதலிலிருந்து, தெரு முழுவதுக்கும் கேட்கும்படி, இன்னொரு தரம் சொன்னார்.